சேட்டிலைட்டுக்கு டேட்டா ஏறுவது எப்படி? அப்கன்வெர்ட்டர் ஓர் அறிமுகம்

வீட்டு மாடியில் டிடிஎச் டிஷ் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியாயிற்று. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகினால் சேட்டிலைட் வழியாக இன்டர்நெட் வந்துவிடாதா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

"வராது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் வராது என்பதற்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் வங்கிக் கிளை, ஏடிஎம், மலைக் கிராமத்துப் பள்ளி போன்ற இடங்களில் உள்ள சேட்டிலைட் இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும். நான் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில் பொறியியல் படித்தவன். இப்போது செய்வது சாப்ட்வேர் வேலை. வி-சாட் எனப்படும் சிறிய சேட்டிலைட் நிலையங்களைக் கண்காணிக்கும் சாப்ட்வேர் எழுதும் குழுவில் இருக்கிறேன். எனவே இந்தக் கருவிகளின் நல்லது கெட்டது இரண்டும் தினமும் என் மானிட்டரில் வந்து போகும்.

டிடிஎச் டிஷ்ஷில் என்ன நடக்கிறது?

டிஷ்ஷின் முன்னால் ஒரு கம்பியின் நுனியில் சிறிய கருவி ஒன்று இருக்கும். இதற்கு எல்என்பி என்று பெயர். சேட்டிலைட்டிலிருந்து வரும் சிக்னலின் அதிர்வெண் மிக உயர்ந்தது. உதாரணமாக 11 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு விநாடிக்கு 1,100 கோடி அதிர்வுகள். இதை அப்படியே கேபிளில் கீழே கொண்டுவர முடியாது. எனவே எல்என்பி தனக்குள் 9.75 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் ஒன்றை உருவாக்கி, வரும் சிக்னலிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. 11 - 9.75 = 1.25 கிகாஹெர்ட்ஸ். இந்தக் குறைந்த அதிர்வெண் கேபிளில் இறங்கி செட்டாப் பாக்ஸை அடைகிறது. இதுதான் டவுன்கன்வெர்ஷன்.

ஆனால் எல்என்பி ஒருவழிப் பாதை. மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போக முடியாது. இன்டர்நெட்டுக்கோ இரண்டு வழியும் தேவை. ஒரு வெப்சைட்டைப் பார்க்க வேண்டுமானால் "இந்தப் பக்கத்தை அனுப்பு" என்று உங்கள் கம்ப்யூட்டர் முதலில் கேட்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் ஹ்யூஸ் நிறுவனம் 1996-ல் டைரக்பிசி என்ற சேவையைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு குறுக்குவழி கண்டது. டேட்டா சேட்டிலைட்டிலிருந்து டிஷ் வழியாக வீட்டுக்கு இறங்கும். கேட்கும் கேள்விகள் மட்டும் சாதாரண டெலிபோன் மோடம் வழியாகப் போகும். டெலிபோன் லைன் இல்லாத இடத்தில் இது உதவாது. அங்கே கேள்வியும் சேட்டிலைட் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மேலே அனுப்பும் கருவி

எல்என்பி செய்வதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும் கருவிதான் பிளாக் அப்கன்வெர்ட்டர். இத்துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக "பக்" என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். வி-சாட் நிலையத்தில் நான்கு பகுதிகள் உண்டு.

1. அறைக்குள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சேட்டிலைட் மோடம்.
2. மோடத்திலிருந்து மாடிக்குச் செல்லும் கேபிள்கள். அனுப்ப ஒன்று, பெற ஒன்று.
3. டிஷ்ஷின் முன்னால் உள்ள எல்என்பி, பக் என்ற இரண்டு கருவிகள்.
4. டிஷ்.

மோடம் உங்கள் டேட்டாவை 950 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு சிக்னலாக மாற்றித் தருகிறது. இதற்கு எல்-பேண்ட் என்று பெயர். சேட்டிலைட் கேட்பதோ 14.0 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயு-பேண்ட். இந்த இடைவெளியை பக் நிரப்புகிறது. எப்படி? 13.05 கிகாஹெர்ட்ஸைக் கூட்டுகிறது. 0.95 + 13.05 = 14.0. அதேபோல் 1.45 + 13.05 = 14.5. கணக்கு சரியாக வருகிறதா? 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள முழுத் துண்டையும் அப்படியே தூக்கி மேலே வைப்பதால்தான் இதற்கு "பிளாக்" என்ற அடைமொழி வந்தது.

மோடமே 14 கிகாஹெர்ட்ஸ் தரக் கூடாதா?

நல்ல கேள்வி. தடை கேபிளில் இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட கேபிள் விழுங்கும் சக்தியும் கூடும். கேபிள் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் நீளத்தில் 1 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 6 டெசிபல் இழக்கும். அதாவது நான்கில் ஒரு பங்கு மிஞ்சும். பரவாயில்லை. இதே கேபிளில் 14 கிகாஹெர்ட்ஸ் அனுப்பினால் இழப்பு குறைந்தது 22 டெசிபல் ஆகிவிடும். கிட்டத்தட்ட 160-ல் ஒரு பங்குதான் மாடியை எட்டும். 2 வாட் சக்தியைச் செலவு செய்து உருவாக்கினால் டிஷ்ஷுக்குக் கிடைப்பது சுமார் 12 மில்லிவாட்.

எனவே குறைந்த அதிர்வெண்ணில் மாடி வரை கொண்டுபோய், டிஷ்ஷின் வாயிலில் வைத்து உயர்த்துவதே சிக்கனம். பக் கருவி வெயிலிலும் மழையிலும் வெளியே தொங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே நடக்கும் மூன்று வேலைகள்

முதல் வேலை, கூட்டல். இதைச் செய்வது மிக்ஸர். பெயர் கூட்டல் என்றாலும் உண்மையில் மிக்ஸர் இரண்டு அலைகளைப் பெருக்குகிறது. பள்ளியில் படித்த திரிகோணமிதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் அவற்றின் கூடுதலுக்கு ஒன்றும் கழித்தலுக்கு ஒன்றுமாக இரண்டு கொசைன்கள் கிடைக்கும். "இதெல்லாம் வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது?" என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இதோ பதில்! இரண்டு அதிர்வெண்களைக் கலந்து புதிய அதிர்வெண்ணைப் பெறும் இந்த முறையை வைத்து, எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1918-ல் சூப்பர்ஹெட்ரோடைன் ரேடியோவை உருவாக்கினார். வீட்டு ரேடியோ முதல் டிடிஎச் வரை அதன் வாரிசுகள்தான்.

இரண்டாவது வேலை, வடிகட்டுதல். 1.2 கிகாஹெர்ட்ஸ் சிக்னலையும் 13.05 கிகாஹெர்ட்ஸையும் மிக்ஸரில் விட்டால் 14.25 கிடைக்கும். கூடவே 11.85 கிகாஹெர்ட்ஸும் வெளியே வரும். இந்த இரண்டாவது நமக்கு வேண்டாத விருந்தாளி. வேண்டாதது மட்டுமல்ல, சேட்டிலைட்டிலிருந்து சிக்னல்கள் இறங்கும் பகுதியில் போய் விழக்கூடியது. எனவே பில்டர் ஒன்று 14.0 முதல் 14.5 வரை மட்டும் அனுமதித்து மற்றதைத் தடுத்துவிடுகிறது. வேண்டியதும் வேண்டாததும் 2.4 கிகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் பில்டர் செய்வது எளிது. பெரிய தரை நிலையங்களில் மோடம் 70 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் தருவதுண்டு. அதை ஒரே தாவலில் 14 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் வேண்டியதற்கும் வேண்டாததற்கும் இடைவெளி 140 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் பிரிப்பது கடினம். அதனால் முதலில் எல்-பேண்டுக்கு, பிறகு கேயு-பேண்டுக்கு என்று இரண்டு படிகளில் ஏற்றுவார்கள்.

மூன்றாவது வேலை, 13.05 கிகாஹெர்ட்ஸை உருவாக்குவது. இது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா? உங்கள் பிராசசர் 3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும். மதர்போர்டில் 3 கிகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எதுவும் கிடையாது. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை பிராசசர் 30 மடங்கு பெருக்கிக்கொள்கிறது. இதைச் செய்யும் சர்க்யூட்டுக்கு பேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பிஎல்எல் என்று பெயர். பக் கருவியிலும் இதே பிஎல்எல்தான். மோடம் தன்னிடமுள்ள துல்லியமான 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைக் கேபிள் வழியாக அனுப்பும். பக் அதை 1,305 மடங்கு பெருக்கும். 10 x 1,305 = 13,050 மெகாஹெர்ட்ஸ்.

ஆக, மாடிக்குச் செல்லும் அந்த ஒரே கேபிளில் மூன்று பயணிகள்: உங்கள் டேட்டா சிக்னல், 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக், பக் இயங்குவதற்கான மின்சாரம். பெரும்பாலான சிறிய பக் கருவிகளுக்கு இது 24 வோல்ட் டிசி.

பெருக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிளாக்குடன் அதன் பிழையும் 1,305 மடங்கு பெருகிவிடும். 10 மெகாஹெர்ட்ஸில் வெறும் 10 ஹெர்ட்ஸ் விலகினால் மேலே 13,050 ஹெர்ட்ஸ் விலகிவிடும். 64 கிலோபிட் வேகமுள்ள ஒரு சிறிய லிங்க் சேட்டிலைட்டில் பிடிக்கும் இடமே சுமார் 50, 60 கிலோஹெர்ட்ஸ்தான். அதில் 13 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். இதனால்தான் 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கிடைக்காவிட்டால் பக் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். எங்கேயோ ஓர் அதிர்வெண்ணில் அனுப்பி ஊர் வம்பை வாங்குவதைவிட ஒன்றும் அனுப்பாமல் இருப்பது மேல் என்பதே இதன் வடிவமைப்பு.

2 வாட் எப்படிப் போதும்?

அதிர்வெண்ணை உயர்த்தியபின் சிக்னல் பவர் ஆம்ப்ளிபயருக்குப் போகிறது. சிறிய நிலையங்களில் இதுவும் பக் பெட்டிக்குள்ளேயே இருக்கும். 2 வாட், 4 வாட் போன்ற அளவுகள் சாதாரணம். சேட்டிலைட் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். டார்ச் லைட் பல்பு அளவு சக்தி அவ்வளவு தூரம் போகுமா?

இங்கே கைகொடுப்பது டிஷ். 1.2 மீட்டர் டிஷ் ஒன்று 14 கிகாஹெர்ட்ஸில் சக்தியை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவிப்பதால் அந்தத் திசையில் சுமார் 20,000 மடங்கு வலிமை கிடைக்கிறது. சேட்டிலைட் பார்க்கும் கோணத்தில் நம் 2 வாட், 40,000 வாட் போலத் தெரியும். அப்படியிருந்தும் மேலே போய்ச் சேரும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் லட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவே மிஞ்சும். அதையும் பிடித்துப் படிக்கிறது சேட்டிலைட்.

பிடித்த சிக்னலை அது அதே அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புவதில்லை. தான் கத்தும் சத்தத்தில் தன் காதுக்கு வரும் முணுமுணுப்பு கேட்காமல் போய்விடும் என்பதால் சேட்டிலைட்டும் அதிர்வெண்ணை மாற்றுகிறது. 1962 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட டெல்ஸ்டார் சேட்டிலைட்டே இப்படித்தான் 6.39 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 4.17 கிகாஹெர்ட்ஸில் அனுப்பியது.

சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

இந்தக் கட்டுரையில் நீங்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டிய பகுதி இது. டேப் ரிக்கார்டரில் வால்யூமை முழுவதும் திருகினால் பாட்டு கரகரவென்று ஆகிவிடும் அல்லவா? பவர் ஆம்ப்ளிபயருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரை, உள்ளே 1 டெசிபல் கூட்டினால் வெளியேயும் 1 டெசிபல் கூடும். எல்லையைத் தொட்டபின் உள்ளே எவ்வளவு கூட்டினாலும் வெளியே கூடாது. கூடுவதெல்லாம் சிதைவுதான்.

இந்தச் சிதைவு நம் சிக்னலை மட்டும் கெடுத்தால் அது நம் கஷ்டம். ஆனால் அது பக்கத்து அதிர்வெண்களிலும் போய் விழுகிறது. ஒரே பக் வழியாக 14.200, 14.201 என்று இரண்டு சிக்னல்கள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லை மீறினால் யாரும் அனுப்பாத 14.199, 14.202 ஆகிய இடங்களிலும் இரண்டு பொய்ச் சிக்னல்கள் முளைக்கும். உள்ளே 1 டெசிபல் கூட்டினால் இவை 3 டெசிபல் வளரும். அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருப்பவர் வேறொருவராக இருப்பார்.

எங்கள் சாப்ட்வேரில் நான் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மலைப்பகுதி அலுவலகம் ஒன்றில் தனி லிங்க் இருந்தது. மழைக்காலம். கேயு-பேண்ட் சிக்னலை பலத்த மழை பலவீனப்படுத்தும். லிங்க் தடுமாறவே, அங்கிருந்த டெக்னீஷியன் மோடத்தில் டிரான்ஸ்மிட் அளவை 5 டெசிபல் கூட்டிவிட்டார். பக் ஏற்கனவே எல்லைக்கு அருகில் இருந்தது. கிராபில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மோடத்தின் கோடு மேலே ஏறியது, மறுமுனையில் சிக்னலின் தரம் கீழே இறங்கியது. கூடுதலாகக் கத்தியதால் பேச்சு இன்னும் புரியாமல் போய்விட்டது. மழை நின்ற பிறகும் அளவை யாரும் குறைக்கவில்லை. பக்கத்து அதிர்வெண்ணில் இருந்த வேறொரு லிங்க்கில் பிழைகள் பெருகவே, புகார் போய், டிரான்ஸ்மிஷனை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. அரை நாள் இணைப்பு இல்லை. அன்று பென்ஷன் வாங்க மலை இறங்கி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தவறு செய்த கருவி எதுவும் இல்லை. பக் தன் எல்லைக்குள் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தது. 5 டெசிபல் என்பது மூன்று மடங்குக்கும் மேல் என்பதையும், அந்த மூன்று மடங்கைத் தர அதனிடம் சக்தி இல்லை என்பதையும் யாரும் அந்த டெக்னீஷியனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நல்ல நிறுவல் என்றால் ஆம்ப்ளிபயரின் எல்லைக்குச் சில டெசிபல் கீழேயே அளவை வைப்பார்கள். இதற்கு பேக்-ஆப் என்று பெயர். மழைக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால் முதலிலேயே பெரிய வாட் பக் வாங்க வேண்டும்.

வேகத்தை பக் கூட்டுமா?

பெரிய பக் போட்டால் பிங் நேரம் குறையுமா என்று சிலர் கேட்கிறார்கள். குறையாது. உங்கள் கேள்வி மேலே ஏறி, கீழே இறங்கி, பதில் மீண்டும் மேலே ஏறி, கீழே இறங்க வேண்டும். நான்கு முறை சுமார் 36,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே 480 மில்லிவிநாடி ஆகிவிடும். மோடங்களின் நேரமும் சேர்ந்தால் 600 என்பது இயல்பு. ஸ்டார்லிங்க் போன்ற சேவைகளில் இது வெகுவாகக் குறைவதற்குக் காரணம் சேட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே பறப்பதுதான். மேலே அனுப்ப அவையும் அதே 14.0 முதல் 14.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் குழிந்த டிஷ்ஷும் தனி பக்கும் இல்லை. தட்டையான பலகைக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஆன்டெனாக்கள் சேர்ந்து கதிரைத் திருப்புகின்றன.

வி-சாட் உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள் கவனத்திற்கு

* பக் கேபிளைக் கழற்றுமுன் மோடத்தை ஆப் செய்யுங்கள். கேபிளில் மின்சாரம் ஓடுகிறது. ஷார்ட் ஆனால் மோடம் பழுதாகலாம்.
* டிரான்ஸ்மிட் ஆன் ஆக இருக்கும்போது டிஷ்ஷுக்கும் பக் முனைக்கும் நடுவில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். முனைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது.
* வெளியே உள்ள கனெக்டர்களில் தண்ணீர் புகாதபடி டேப் சுற்றப்பட்டுள்ளதா என்று மழைக்காலத்துக்கு முன் பாருங்கள். தண்ணீர் புகுந்தால் டேட்டா, கிளாக், மின்சாரம் மூன்றும் ஒன்றாகத் தடுமாறும்.
* பக் கருவியின் உடலில் உள்ள மடிப்புகள் அலங்காரத்துக்கு அல்ல. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அது வெளியேற வேண்டும். சாக்குப்பை போட்டு மூடாதீர்கள்.
* லிங்க் தடுமாறினால் டிரான்ஸ்மிட் அளவை நீங்களே கூட்டாதீர்கள். சேவை நிறுவனத்தை அழையுங்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். உங்கள் டிடிஎச் டிஷ்ஷில் எல்என்பி மட்டுமே இருக்கிறது. மேலே அனுப்ப மோடம், பக் இரண்டும் வேண்டும். அவை கிடைத்தாலும் இந்தியாவில் சேட்டிலைட்டுக்குச் சிக்னல் அனுப்ப அரசின் லைசென்ஸ் பெற்ற சேவை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு சேட்டிலைட்டை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். கேட்பதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எத்தனை டிஷ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பேசுவதற்குத்தான் இவ்வளவு கணக்கும் கட்டுப்பாடும். ஊருக்குள் கேபிளோ பைபரோ கிடைக்கிறதென்றால் இன்டர்நெட்டுக்கு அதையே வாங்குங்கள். விலையும் குறைவு, பிங் நேரமும் குறைவு. அவை எட்டாத இடத்தில் இருக்கும் உறவினருக்கு மட்டும் வி-சாட்டைப் பரிந்துரையுங்கள். அப்போது "டிஷ் எத்தனை அடி?" என்று மட்டும் கேட்காமல் "பக் எத்தனை வாட், பேக்-ஆப் எவ்வளவு?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.